யார் வீட்டு விசில்

அந்த வீட்டில் காது என்று ஒன்று இருந்தது அவளுக்கு மட்டும்தான். மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு இருந்தன, பார்க்க லட்சணமாகவும் இருந்தன, ஆனால் வேலைக்கு ஆகாது. அழைப்பு மணி அடித்தால் அவளுக்குத்தான் கேட்கும். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் அவளுக்குத்தான் கேட்கும். துணி துவைக்கிற மெஷின் வேலை முடிந்து கூவுவது, பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரம் முனகுவது, குளியலறைக் குழாய் சரியாக மூடாமல் சொட்டுவது, குக்கர் விசில், எல்லாம் அவள் பாடு. மணி அடித்ததும், வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற கணவர் அந்தக் கதவைத் திறக்க மாட்டார். உள்ளறைக் கதவைப் பார்ப்பார். அவள் வந்துவிடுவாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாமனார் அவளுக்கு ரேடார் என்று பெயர் வைத்திருந்தார். "எங்க ரேடார் இருக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு எறும்பு நுழைய முடியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். மனுஷர் மனதாரத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருத்திக்குப் பட்டம் சூட்டுகிறார்கள் என்றால் கூடவே ஒரு வேலையையும் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். இது அவளுக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது. புரிந்த பிறகு வந்த கோபம் சும்மா விடவில்லை.

அவளுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே காதுதான். ஒரு பதிப்பகத்துக்காக ஒலிநூல்களைக் கேட்டுப் பிழை பிடிப்பது அவள் வேலை. யாரோ ஒருவர் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார். அது கேட்பவர்களுக்குப் போவதற்கு முன்னால் அவள் வரி விடாமல் கேட்பாள். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த வரி, நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம், பக்கம் புரட்டுகிற சரசரப்பு, தூரத்து நாய், எது வந்தாலும் நேரத்தைக் குறித்து அனுப்புவாள். அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைக் காதால் செய்கிற உத்தியோகம். உள்ளறையில் ஒரு மேசை, கணினி, கீழே வழவழப்பான வீட்டுச் செருப்பு, அவ்வளவுதான் அவளுடைய அலுவலகம்.

அவள் பெயர் கெட்டது ஒரு குக்கரால்.

வாசிப்பவர்களில் பெரிய புள்ளி ஒருவர் உண்டு. குரலைக் கேட்டால் கோயில் மணி மாதிரி இருக்கும் என்பதால் பதிப்பகத்தில் எல்லாரும் அவரை வெண்கலம் என்றே சொல்வார்கள். வெண்கலம் வீட்டிலேயே, துணி அலமாரி வைத்த அறையில் உட்கார்ந்து பதிவு செய்வார். அவர் வாசித்த ஒரு நாவலை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கதாநாயகி தன் அப்பாவிடம் கடைசியாகப் பேசுகிற இடம். மெல்லிசாக ஒரு விசில் வந்தது. அவள் பதிவை நிறுத்தக்கூட இல்லை, எழுந்தாள், செருப்பை மாட்டினாள், அடுப்பறைக்குப் போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. 'சரி, பக்கத்து வீடாக இருக்கும்' என்று திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டு, பிழை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

பக்கத்து வீடும் இல்லை, எதிர் வீடும் இல்லை. விசில் பதிவுக்குள்ளேயே இருந்தது. வேறொருத்தர் வீட்டுக் குக்கருக்கு இவள் எழுந்து ஓடியிருக்கிறாள். புத்தகம் வெளியானதும், காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அப்பா சாகக் கிடக்கிறார், பின்னால் சமையல் நடக்கிறது என்று கேலி செய்து தீர்த்துவிட்டார்கள்.

ஒலிப் பிரிவின் பொறுப்பாளர் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்க காதை நம்பித்தான் மேடம் நான் தூங்கிட்டு இருந்தேன். அடுத்த தொடர் பெரிசு, வெண்கலம்தான் வாசிக்கிறார். அதை உங்களுக்குத்தான் வச்சிருக்கேன். ஆனா இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா மேல என்னால பேச முடியாது. வேற ஆளைத்தான் பார்க்கணும்."

"வராது சார்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல ஹெட்போன்தான் அது. காதுக்கு வெளிப்பக்கம் கம்பி வலை போட்ட திறந்த வகை. அதில் குரல் கேட்டால் ஒரு பெரிய கூடத்தில் காற்றாட உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும். ஆனால் சல்லடையில் தண்ணீர் நிற்குமா? உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பதெல்லாம் உள்ளே வரும். இத்தனை வருஷமாக அதை ஏன் விரும்பினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதைப் போட்டிருந்தால் மணி கேட்கும், குக்கர் கேட்கும், மாமா கூப்பிடுவது கேட்கும். வீட்டுக்கு வேலை செய்துகொண்டே மிச்சக் காதில்தான் ஆபீசுக்கு வேலை செய்திருக்கிறாள். முதலில் வெட்கம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது.

"மூடின ஹெட்போன் வாங்கப் போறேன். நல்லதா, உசத்தியா. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வரக் கூடாது" என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள்.

கணவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பவர். வீட்டிலிருந்தே, அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எந்த ஊரில் எந்த லாரி எந்தச் சுவரில் மோதியது என்பது தெருவுக்கே தெரியும். நல்ல மனுஷர்தான். கேட்டால் செய்வார். கேட்க வேண்டும், அதுதான் சங்கடம்.

"அப்ப மணி அடிச்சா?" என்றார்.

"நீங்க திறங்க."

"நான் போன் கால்ல இருப்பேனே."

"நானும்தான் வேலையில இருப்பேன்."

"சரி, ஒண்ணு செய்யலாம். நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நீ வேலை பார்க்கிறப்ப வீடு அமைதியா இருக்கும். இதுக்குப் போய் இவ்வளவு விலையில வாங்கணுமா?"

அந்த அமைதி மறுநாள் காலை வரை உயிரோடு இருந்தது. அதைக் கொன்றது அவரேதான், ஒரு லாரி விஷயமாக. அன்று சாயங்காலம் பலகாரத் தட்டின் முன்னால் இன்னொரு யோசனை சொன்னார். எல்லாரும் தூங்கிய பிறகு ராத்திரியில் கேட்கலாமே என்றார்.

"ராத்திரி நான் தூங்குவேன்" என்றாள்.

மகள் கல்லூரியிலிருந்து வந்து இந்தச் சர்ச்சையைப் பாதியில் பிடித்தாள். அவள் காதில் எப்போதும் இரண்டு வெள்ளைக் குமிழ்கள் இருக்கும், பிறக்கும்போதே அதோடுதான் பிறந்தாளோ என்று தோன்றும். ஒன்றை மட்டும் கழற்றி, "என்ன பிரச்சனை?" என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வாங்கிக்கோம்மா, இதுல என்ன இருக்கு?" என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டாள். மாமனாருக்குக் காதுக் கருவி உண்டு. பிடிக்காத பேச்சு தொடங்கினால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அன்றும் அதைத்தான் செய்தார்.

அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தர் காதில் லாரி, ஒருத்தி காதில் பாட்டு, ஒருத்தர் காது சட்டைப் பையில். இந்த வீட்டில் காதை மூடிக்கொள்ள எல்லாருக்கும் ஒரு வழி இருக்கிறது. அவள் கேட்டால் மட்டும் அதற்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.

"இதுக்கு நான் அனுமதி கேட்கல. தகவல் சொன்னேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கடைக்குக் கணவரும் வந்தார். கார் ஓட்டத்தான் வருவதாகச் சொன்னார், ஆனால் அவருக்கும் அபிப்பிராயங்கள் இருந்தன. பெரிய சாலையில், வரிசைக் கடைகளுக்கு நடுவே கண்ணாடிக் கதவு போட்ட ஒலிக்கருவிக் கடை. சுவர் முழுக்க ஹெட்போன்கள் தொங்கின. விற்பனையாளர் இளைஞரில்லை, கிழவருமில்லை. வாசனைத் திரவியத்தில் குளித்தவர் மாதிரி இருந்தார். காதில் மாட்டிப் பார்க்கப் போவது அவள், ஆனால் மனுஷர் விளக்கம் எல்லாவற்றையும் கணவரிடமே சொன்னார்.

"சார், இது பார்த்தீங்கன்னா பேஸ், அந்த அடிச்சத்தம், சும்மா நெஞ்சைத் தூக்கும் சார்."

"என் நெஞ்சுக்கு வேண்டாம். என் காதுக்கு வேணும். என்கிட்ட பேசுங்க" என்றாள்.

அவர் ஒரு கணம் தடுமாறினார். "சொல்லுங்க மேடம். எந்த மாதிரிப் பாட்டு கேட்பீங்க?"

"பாட்டு இல்ல. குக்கர் விசில்."

விற்பனையாளர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

அவள் போனில் அந்தப் பதிவைக் கொண்டுவந்திருந்தாள், கதாநாயகி அப்பாவிடம் பேசுகிற இடத்தை. இதைவிட நல்ல பரீட்சை எது? விசிலைத் தெளிவாகக் காட்ட வேண்டும், கடைச் சத்தத்தை உள்ளே விடக் கூடாது. இரண்டும் ஒன்றாக அமைய வேண்டும். தன்னைத் தலைகுனிய வைத்த அதே விசிலை வைத்தே சாமான் வாங்குவது அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

முதலில் வந்தது வெளிச்சத்தத்தைத் தானே அழிக்கிற வகை. பொத்தானை அழுத்தியதும் ஏசி இரைச்சல் மாயமாகிப் போனது, அசந்துவிட்டாள். ஆனால் அந்த அமைதிக்குள் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' இருந்தது. கருவி தன் பங்குக்குப் போடுகிற சத்தம். வெண்கலத்தின் குரலிலும் கொஞ்சம் கை வைத்தது. பிழை பிடிக்கப் போகிறவளுக்கு இது எதற்கு? கருவி தன் இஷ்டத்துக்கு எதையாவது அழித்தால் எது பதிவில் இருந்தது, எது இல்லை என்று அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? பயணம் போகிறவர்களுக்கு நல்லது என்று திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது, நெஞ்சைத் தூக்குகிற ரகம். வெளிச்சத்தம் அடங்கியது, உண்மைதான். ஆனால் வெண்கலம் பீப்பாய்க்குள் உட்கார்ந்து பேசினார். அந்த இடியில் விசில் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மூன்றாவதை மாட்டியதும் அவள் கண் தானாக மூடிக்கொண்டது. குரல் அப்படி இழைந்தது. பஞ்சு மாதிரி வெல்வெட் மெத்தை, எடையே தெரியவில்லை. விசிலும் கேட்டது. கூடவே, "கார்டு பேமென்ட் உண்டா சார்?" என்று பின்னால் யாரோ கேட்டதும் கேட்டது.

"எனக்கும் குடு" என்று கணவர் வாங்கி மாட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடா! இதான். இதையே எடுத்துக்கோ. சவுண்டும் பிரமாதம், வெளியில கூப்பிட்டாலும் கேட்குது. ரெண்டும் இருக்கு பாரு."

"கரெக்ட் சார். நல்ல பேலன்ஸ்" என்று விற்பனையாளர் ஒத்து ஊதினார்.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்? இவ்வளவு இனிமையாக ஒரு குரலை அவள் கேட்டதில்லை. இதை வாங்கினால் வீட்டிலும் சண்டை இல்லை. எல்லாருக்கும் நல்லவளாக இருந்துவிடலாம். இத்தனை வருஷமாக அவள் செய்து வந்ததும் அதைத்தான், அது கொண்டுபோய் விட்ட இடம்தான் போனில் இருக்கிறதே.

"வேற?" என்றாள்.

நான்காவது கறுப்பாக, கனமாக இருந்தது. இறுக்கமான தோல் மெத்தை. மாட்டியதும் ஏமாற்றம். குரல் சோகை பிடித்த மாதிரி ஒலித்தது, அடியில் கனமே இல்லை. வெளிச்சத்தமும் கசிந்தது. இதற்கா இந்த விலை என்று கழற்றப் போனவள் சந்தேகத்தோடு, போட்டிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், கடை காணாமல் போனது. குரலின் கனம் திரும்பி வந்தது. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் சின்ன இடுக்கு போட்டிருக்கிறது. அந்த இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே வந்ததுபோல, குரலின் அடிக்கனம் வெளியே ஓடியிருக்கிறது. மூடின வகையில் அடைப்பு பிசகினால் அமைதியும் போகும், ஒலியும் போகும் என்பது அவளுக்கு அங்கே வைத்துத்தான் விளங்கியது.

கண்ணாடிக் காம்பைத் தூக்கி மெத்தைக்கு மேலே வைத்து மறுபடி மாட்டினாள். கண்ணாடி மூக்கில் கோணலாக நின்றது. நிற்கட்டும். குரல் மூன்றாவதைப் போல இழையவில்லை. முகத்துக்கு நேரே, ஒளிவுமறைவு இல்லாமல், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பேசியது. அப்பாவிடம் மகள் பேசினாள். அவள் மூச்சு இழுக்கிற இடத்தில், தையல் ஊசி மாதிரி, விசில் வந்தது. இதையா விட்டோம் என்று அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டாள்.

கழற்றாமலேயே கணவரைப் பார்த்து, "என் பின்னால நின்னு கூப்பிடுங்க" என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. கடையில் எல்லாரும் திரும்பினார்கள்.

அவர் பின்னால் போனார். அவள் எதிரே இருந்த கண்ணாடிச் சுவரில் அவர் உருவம் தெரிந்தது. வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, இந்த முறை பெரிதாக. விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் காதில் வெண்கலம் மட்டுமே இருந்தார்.

கழற்றினாள். "என்ன சொன்னீங்க?"

"அப்பா விழுந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்ணில் நிஜமான பயம் இருந்தது.

அது அவளுக்கும் உறைத்தது. அவளும் மாமாவின் மேல் பாசம் இல்லாதவள் அல்ல.

"விழுந்தா நீங்க ஓடிப் போய்த் தூக்குங்க" என்றாள். "உங்க அப்பாதானே? நீங்க இருக்கிற மேசை அவர் ரூமுக்குப் பத்தடி. நான் இருக்கிறது கூடத்தைத் தாண்டி. இவ்வளவு நாளா தூரத்துல இருக்கிறவதான் ஓடி வந்துட்டு இருந்தேன். உங்க காதுல என்ன கோளாறு?"

அவள் விற்பனையாளர் பக்கம் திரும்பி, "இதைக் கட்டுங்க" என்றாள். தன் அட்டையைத் தானே நீட்டினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொரு கடையில் நிறுத்தச் சொல்லி, கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றும் வாங்கினாள். பொத்தானை மாமனாரின் கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள். மணியைக் கணவரின் மேசையில், ஸ்பீக்கர் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமனார் முதல் நாளே ஃபேனைக் குறைக்க, பேப்பரைக் கொடுக்க, மழை வருமா என்று கேட்க என்று அதை அமுக்கித் தீர்த்தார். கணவர் லாரிகளுக்கு நடுவில் எழுந்து எழுந்து ஓடினார்.

"ரேடாருக்கு என்னடா ஆச்சு?" என்று மாமனார் மகனிடம் கேட்டாராம்.

"ஆஃப் பண்ணி வச்சிருக்குப்பா" என்றாராம் மகன்.

மகள் மட்டும், கோணல் கண்ணாடியும் கறுப்பு ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆந்தை மாதிரி இருக்கம்மா" என்று போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. பல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

புதுத் தொடர் வந்தது. அடுப்பும் இப்போது முறை போட்டு நடந்தது, அன்றைக்குக் கணவர் முறை. உருளைக்கிழங்கைக் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அவள் கதவைச் சாத்தி, கண்ணாடிக் காம்பைத் தூக்கி வைத்து, வெண்கலத்தின் குரலோடு கதையின் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

ஒருவர் ஒளிந்திருக்கிறார், இன்னொருவர் தேடுகிறார். நல்ல கட்டம். அங்கே ஒரு விசில்.

புத்தி போடுகிற கணக்கு உடம்புக்குத் தெரியாது. அவள் எழுந்துவிட்டாள். ஒரு கால் செருப்புக்குள் போயும்விட்டது. பிறகு அப்படியே நின்றாள். கடையில் கணவர் உரக்கக் கூப்பிட்டே உள்ளே வராத காதுக்குள் அடுப்பறை விசில் எப்படி வரும்? கதவு சாத்தியிருக்கிறது. மெத்தை ஒட்டியிருக்கிறது. மெள்ள உட்கார்ந்து, செருப்பைக் காலால் தள்ளிவிட்டு, பதிவைப் பின்னால் ஓட்டினாள். அதே இடத்தில், அதே மூச்சில், அதே விசில். நேரத்தைக் குறித்தாள், 'பின்னணியில் குக்கர் விசில்' என்று எழுதி அனுப்பினாள், மேலே கேட்கத் தொடங்கினாள்.

ஹெட்போன் காதை அடைக்கும், மூக்கை அடைக்காது. வெகுநேரம் கழித்துக் கருகல் வாடை வந்தபோது கதவும் திறந்தது. கணவர் கைப்பிடித் துணியோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு நின்றார். மூடி நீலம் பாரித்திருந்தது. உள்ளே உருளைக்கிழங்கு கரிக்கட்டையாக அடியோடு ஒட்டியிருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"எத்தனை விசில் வந்துச்சு தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"நீ வீட்லதானே இருந்தே?"

"நீங்களும்தான் இருந்தீங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார், யோசிக்காமல். "கேட்டுச்சு. ஆனா நீ அணைச்சிருவேன்னு..."

சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவள் போன் வெளிச்சம் போட்டது. பொறுப்பாளர்.

"மேடம், அந்தக் காட்டுக் கட்டத்தை நான் கேட்டேன். விசில் எதுவும் இல்லையே. வெண்கலம் வேற கோபமா இருக்கார். அன்னைக்கு யாரும் அடுப்பே பத்த வைக்கலைன்னு சத்தியம் பண்றார்." குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. போன தடவை பயந்துட்டீங்க, அதனால இந்தத் தடவை உங்க வீட்டு விசிலை எழுதியிருப்பீங்க."

அவள் குக்கரைப் பார்த்தாள். அதன் கறுப்பு வயிற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தைரியம் ஊறியது.

"சார், என் வீட்டுக் குக்கர் இப்ப என் கண்ணு முன்னால கரியாகி நிக்குது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தேன், அது அந்தப் பக்கம் விசில் அடிச்சு அடிச்சுத் தண்ணி வத்திக் கருகிப் போச்சு. அதுல ஒரு விசில்கூட எனக்குக் கேட்கல. என் வீட்டுச் சத்தம் என் காதுக்கு வராது. நான் கேட்டது உங்க வெண்கலம் வீட்டு விசில்."

"இங்க மூணு பேர் கேட்டோம் மேடம்."

"எதுல கேட்டீங்க?"

"ஸ்பீக்கர்லதான். ஆபீஸ்ல."

"ஏசி ஓடுற ரூம்ல, பத்து பேர் பேசுற ரூம்ல. போன தடவை நானும் இப்படித்தான் சார் கேட்டேன், சத்தத்துக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு. என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். கதவைச் சாத்திட்டு, காதை மூடுற ஹெட்போன் ஒண்ணை மாட்டிட்டு, சத்தத்தை ஏத்தி வச்சுக் கேளுங்க. அதுவரைக்கும் நான் எழுதினதை அழிக்க மாட்டேன்."

"இல்லைன்னு வந்துச்சுன்னா?"

"வேற ஆளைப் பார்த்துக்கோங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை.

போனை வைத்தாள். கணவர் குக்கரோடு அங்கேயே நின்றிருந்தார். இவ்வளவு நேரம் அவர் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆக, காது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

"இவ்வளவு பேசிட்டியே. வேலை போயிடுச்சுன்னா?" என்றார் தணிந்த குரலில்.

"கேட்டதைக் கேட்கலைன்னு எழுதினாலும் அது போன மாதிரிதான்." போனை அவர் கையில் கொடுத்தாள். "அவர் திரும்பக் கூப்பிடுவார். நீங்க எடுங்க. எனக்கு இன்னும் பாதி அத்தியாயம் பாக்கி இருக்கு. கிழங்கு வேணும்னா சின்னக் குக்கர் மேல்தட்டுல இருக்கு."

அவர் ஒரு கையில் குக்கரும் ஒரு கையில் போனுமாகப் போனார். அவள் காம்பைத் தூக்கி வைத்து மாட்டிக்கொண்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் சங்கடமாக இருந்தது, அந்த அமைதியில் அதுவும் கேட்டது. பொறுப்பாளருக்கும் கேட்காமல் போனால்? வெண்கலம் பெரிய ஆள், அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம். இருந்தாலும் எழுதியதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. காட்டில் தேடுகிறவன் ஓர் ஆற்றைக் கடந்தான். ஒரு வரி இரண்டு முறை வந்தது, குறித்தாள். ஒரு பக்கம் சரசரத்தது, குறித்தாள்.

தோளில் கை பட்டது. ஒரு காதை மட்டும் தூக்கினாள்.

கணவர் போனைப் பிடித்தபடி குனிந்து நின்றார். அவர் கையில் அந்தப் போன் ஸ்பீக்கரில் இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

"இருக்காம்" என்றார். "விசில் இருக்காம். நீ சொன்ன மாதிரி ஹெட்போன் மாட்டிக் கேட்டாராம். உன்கிட்ட மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தொடர் மொத்தமும் நீதான் பார்க்கணுமாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "வெண்கலம் தன் வீட்டுல விசாரிச்சுப் பார்த்தாராம். அவர் சம்சாரம்தான் அடுப்பை வச்சாங்களாம். விசில் வந்ததும் அவங்களே ஓடிப் போய் அணைச்சாங்களாம். அவருக்குக் கேட்கவே இல்லையாம்."

"கேட்டிருக்காது" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்ல வந்தாரோ, அவள் காத்திருக்கவில்லை. தூக்கிய காதை இறக்கிக்கொண்டாள். வீடு போனது, வெண்கலம் வந்தார். கணவரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. திடீரென்று அவை நின்றன. அவர் தலை அடுப்பறைப் பக்கம் சடாரென்று திரும்பியது. போனை மேசையில் போட்டுவிட்டு, செருப்புக்கூட மாட்டாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அவர் ஓடுவதைப் பார்த்துத்தான் விசில் வந்தது அவளுக்குத் தெரிந்தது.